கை கழுவச் சொன்ன வைத்தியர்

வியன்னா பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவச்சிகள் பயின்றதைவிட மாணாக்கர் பயின்ற பிரிவில் தாய்மார் அதிகமாய் மரித்தனர். ஹங்கேரியரான இளம் வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ் காரணம் தேடினார். அவஸ்தைப்பூசுதலுக்கு வரும் குருவானவருடைய மணியொலியால் தாய்மார் திகிலுறுகிறார்களோ என்றெண்ணி, மணியின்றி வேறு வழியாய் வரச் சொன்னார். சாவு குறையவில்லை. பாவம், மணியின்மேல் பழி!

1847-ல் பிரேதம் அறுக்கையில் கத்தி பட்ட நண்பர் கொலெட்ஷ்கா அதே நோய்க்குறிகளோடு இறக்கவே உண்மை புலப்பட்டது. பிரேதம் தொட்ட கையோடல்லவா மாணாக்கர் பிரசவம் பார்த்தார்கள்! குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு ஜூனில் இரண்டாயிற்று.

கணக்கு கண்முன் இருந்தும் பெரிய வைத்தியர் பலர் ஏற்கவில்லை. தம் கையே கொன்றதென்று ஒப்ப யாருக்கு மனம் வரும்? அவரும் 1861 வரை நூலெழுதத் தாமதித்தார். 1865-ல் மனநோய் விடுதியில், காயம் புரையோடி, 47-ம் வயதில் மரித்தார்.