நோயுற்ற சிறுமலரும் உடனிருந்த குடும்பமும்

ரோஜா மலர்களைப் பாடுபட்ட சுரூபத்தோடு மார்பில் அணைத்து நிற்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை நம்மில் அறியாதவர் இல்லை. 24 வயதில் மரித்த அப்புனிதையை 1925-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் புனிதராக உயர்த்தினார். ஆனால் பத்து வயதில் அவர் மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டதையும், அப்போது அவருடைய குடும்பம் அவரைத் தாங்கிய விதத்தையும் நம்மில் பலர் அறியோம்.

பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் 1873-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் பிறந்த தெரேசா, நான்கு வயதிலேயே தாயை இழந்தார். அதன்பின் குடும்பம் லிசியு நகரில் குடியேறியது. இரண்டாம் தாயாக அவர் பற்றிக்கொண்ட அக்காள் பொலின் 1882-ஆம் ஆண்டு அக்டோபரில் கார்மேல் மடம் புகுந்தார். தாயை இருமுறை இழந்ததுபோல் குழந்தை வாடினாள். ஓயாத தலைவலி தொடங்கியது.

1883-ஆம் ஆண்டு மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு. தந்தை லூயி மார்ட்டின், மூத்த மகள்மார் இருவருடன் பாரீசுக்குப் போயிருந்தார். மாமா வீட்டில் இருந்த தெரேசாவிடம் மாமா அன்று மாலை மறைந்த தாயைப்பற்றிப் பேசினார். குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். இரவில் உடல் நடுங்கத் தொடங்கியது. செய்தியறிந்த தந்தை விரைந்து திரும்பினார். ஏப்ரல் 6-ஆம் நாள் பொலினின் துறவாடை விழாவுக்கு எழுந்து போகும் அளவுக்குத் தேறியவள், மறுநாளே மீண்டும் படுக்கையில் விழுந்தாள். சுவரிலிருந்த ஆணிகள் அவள் கண்ணுக்குப் பயங்கர உருவங்களாகத் தோன்றின. தந்தையின் கையிலிருந்த தொப்பியைக் கண்டும் அலறினாள்.

அந்நோய் எத்தகையது என்பதுபற்றிப் பலரும் பலவாறு கூறுவர். நாம் இங்கே கவனிக்க வேண்டுவது, அவ்வீட்டார் செய்ததையே. தந்தை மருத்துவரை அழைத்தார். அதே வேளையில் பாரீசிலுள்ள வெற்றி அன்னையின் ஆலயத்தில் நவநாள் திருப்பலிகளுக்கும் காணிக்கை அனுப்பினார். மருந்தையும் மன்றாட்டையும் அவர் எதிரிகளாக எண்ணவில்லை. மூத்த அக்காள் மரி இரவும் பகலும் படுக்கையருகே இருந்தார். மடத்திலிருந்து பொலின் கடிதங்கள் எழுதினார். குழந்தை அவற்றை மனப்பாடம் ஆகும்வரை படித்தாள்.

மே 13, தூய ஆவியார் பெருவிழா. மரியின் முகத்தையும் அடையாளம் காணாமல் தெரேசா மரியைக் கூவி அழைத்தாள். மனமுடைந்த மரியும், லியோனியும், செலினும் கட்டிலருகே தேவதாயின் சுரூபத்துக்கு முன் முழந்தாளிட்டனர். குழந்தையும் அன்னையை நோக்கித் திரும்பினாள். அன்னை தன்னைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கண்டாள், நோய் நீங்கியது. இன்று அச்சுரூபத்தைப் புன்னகை மாதா என்று அழைக்கின்றனர். குழந்தை தனியே மன்றாடிப் பெற்ற நலம் அன்று அது. அக்காமார் மூவரின் கண்ணீரோடு சேர்ந்து வந்த நலம்.

பெற்றுக்கொண்ட அன்பை அக்குடும்பம் மறக்கவில்லை. பிற்காலத்தில் தந்தையின் மனநலம் குன்றியது. மகள்மார் மடம் புகுந்ததே காரணம் என்று ஊரார் பேசினர். 1889-இல் அவரைக் கான் நகரிலுள்ள மனநல மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. லியோனியும் செலினும் சில மாதங்கள் அந்நகரிலேயே தங்கினர். 1892-இல் வீடு திரும்பிய தந்தையை, 1894-இல் அவர் இறக்கும்வரை செலின் பேணினார். அத்தந்தையையும் அவர் துணைவியார் செலியையும் திருச்சபை 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் புனிதராக உயர்த்தியது.

1897-இல் காசநோயால் தெரேசா மடத்தின் நோயாளர் அறைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதே புன்னகை மாதா சுரூபத்தை அங்கே வைத்தனர். அக்காமார் மூவர் உடனிருந்தனர். இம்முறை நோய் நீங்கவில்லை. செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் மரித்தார். முதல் நோயில் இறைவன் உடல்நலம் அருளினார். இரண்டாம் நோயில் நல்மரணம் அருளினார். இரு வேளையிலும் குறையாதிருந்தது உடனிருந்தோரின் அன்பே.

அன்பார்ந்த பங்கு மக்களே! யூபிலி ஆண்டில் ஆலயத்துக்கு வண்ணம் பூசினோம், கொடியேற்றினோம், தேர் அலங்கரித்தோம். நல்லதே. ஆனால் நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் நோயாளர் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கின்றனர்! மனநோயுற்றோரை வெட்கி மறைத்து வைக்கும் வீடுகளும் உண்டல்லவா? அவர்களைப்பற்றித் திண்ணையில் பேசுவது எளிது. லிசியு நகராரும் பேசத்தான் செய்தனர். கட்டிலருகே அமர்ந்து, கஞ்சி ஊட்டி, ஒரு பத்துமணி செபமாலையைச் சேர்ந்து சொல்லுவதே கடினம். யூபிலியின் நினைவாக, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோயாளியைத் தன் உறவாக ஏற்றுக்கொள்ளட்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நற்கருணையும் நோயில்பூசுதலும் காலத்தே கிடைக்கச் செய்வோம்.

சிறுமலர் புனித தெரேசாவே, எங்கள் பங்கின் நோயாளருக்காகவும் அவர்களைப் பேணுவோருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.