வால்மீன் கண்ட பெண்

ஜெர்மனியின் ஹானோவர் நகரில் 1750ஆம் ஆண்டு இசைக்கலைஞர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் கரோலின் ஹெர்ஷல். இளம்பருவத்தில் கண்ட பெரியம்மை முகத்தில் தழும்புகளை விட்டுச் சென்றது. பத்து வயதில் தாக்கிய டைபஸ் காய்ச்சலோ உடல்வளர்ச்சியைத் தடுத்தது. அவரது உயரம் நான்கடி மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை.

இவருக்குத் திருமணம் நடவாது என்று வீட்டார் முடிவு கட்டினர். வீட்டுவேலையே இவருக்குப் போதும் என்று தாய் கருதினார். தந்தை ஐசக்கோ தாய் அறியாத வேளைகளில் மகளுக்கு வயலின் கற்பித்தார். பனி பொழிந்த தெளிந்த இரவொன்றில் தெருவுக்கு அழைத்துச் சென்று விண்மீன்களையும் ஒரு வால்மீனையும் காட்டினார்.

தந்தை மறைந்தபின் தமையன் வில்லியம் கைகொடுத்தார். வேலையாள் அமர்த்தத் தாய்க்குப் பணம் தர ஒப்புக்கொண்டு, 1772இல் தங்கையை இங்கிலாந்தின் பாத் நகருக்கு அழைத்துச் சென்றார். இசையும் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். வானியலில் துணையாக்கிக்கொண்டு, தங்கைக்கென்றே சிறு தொலைநோக்கி ஒன்றையும் செய்தளித்தார்.

அத்தகைய கருவியால் வானை ஆராய்ந்த கரோலின், 1786 ஆகஸ்டு முதல் நாளில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். மறு ஆண்டு முதல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வழங்கினார். 1828இல் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. 1848இல் தம் 97ஆம் வயதில் கரோலின் மறைந்தார்.

தழும்பையும் குறைந்த உயரத்தையும் கண்டோர் பலர்; அவற்றைக் கடந்து அறிவுவேட்கையைக் கண்டோர் இருவர். அவ்விருவர் காட்டிய அன்பே, அடுப்படியில் ஒடுங்கவிருந்த சிறுமிக்கு வானத்தைத் திறந்துவிட்டது.