நீ என்னும் ஒரு சொல்: ஆண்டர்சன் வாழ்வும் மொழிபெயர்ப்பும்

டென்மார்க் நாட்டின் ஓடென்சே நகரில், 1805ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். தாய், பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தவர். 1816இல் தந்தை மறைந்தார். 1819இல், பதினான்கு வயதில், நாடகக் கலைஞனாகும் கனவுடன் சிறுவன் தலைநகர் கோபன்ஹேகனுக்குத் தனியே புறப்பட்டான்.

பாட்டிலும் நடனத்திலும் நடிப்பிலும் முயன்று தோற்ற அவனுக்குக் கைகொடுத்தவர் அரச நாடக அரங்கின் நிருவாகிகளுள் ஒருவரான யோனாஸ் கொலின். அரசரின் நிதியிலிருந்து பொருளுதவி பெற்றுத்தந்து, அவனைப் பள்ளிக்கு அனுப்பினார். கொலின் இல்லமே ஆண்டர்சனுக்கு வீடாயிற்று. யோனாஸ் தந்தைக்கு நிகரானார். அவருடைய மகன் எட்வர்ட், ஆண்டர்சனைவிட மூன்று வயது இளையவர். இலத்தீன் பாடத்தில் துணை நின்றவர். பின்னாளில் கையெழுத்துப்படிகளைப் பார்த்துக் கொடுத்தவர். பதிப்பாளரோடு கணக்குப் பேசியவர். ஆயினும் அவ்விருவருக்குமிடையே ஒரு சொல் குறுக்கே நின்றது.

டேனிய மொழியில் முன்னிலை ஒருமைக்கு இரு சொற்கள் உண்டு. ‘டூ’ என்பது நம் ‘நீ’. ‘டி’ என்பது மரியாதைக்குரிய ‘நீங்கள்’. நண்பர் இருவர் மரியாதைச் சொல்லைக் கைவிட்டு ‘நீ’க்கு மாற விரும்பினால் கிண்ணங்களை உயர்த்திப் பருகி அதனை உறுதி செய்வர். இதனை ‘டூஸ் அருந்துதல்’ என்பது அம்மொழியின் மரபுத்தொடர். ஒன்றில் நன்கு பழகியவரை அதனோடு ‘டூஸ்’ ஆனவர் என்று சொல்லும் வழக்கும் இதிலிருந்து வந்ததே.

1831ஆம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியில் பயணம் செய்துகொண்டிருந்த ஆண்டர்சன் எட்வர்டுக்கு ஒரு மடல் எழுதினார். இனித் தம்மை ‘நீ’ என்றழைக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். நேரில் கேட்கத் துணிவில்லாமல் தொலைவிலிருந்து கேட்டார். எட்வர்ட் மறுத்தார். வெறுப்பினால் அன்று, விளக்க இயலாத மனக்கூச்சம் தம்மைத் தடுக்கிறதென்று எழுதி, சாம்பல் நிறத் தாளைக் கண்டாலே ஒவ்வாமையுறும் ஒரு பெண்ணை உவமை காட்டினார். மறுப்பு கனிவோடுதான் வந்தது. எனினும், துணி வெளுத்தவளின் மகனுக்கும் உயர்குடி மகனுக்கும் உள்ள தொலைவை அது அளந்து காட்டிவிட்டது.

1835இல் ஆண்டர்சனின் முதல் கதைச் சிறுநூல் வெளிவந்தது. எழுத்துமொழியின் விறைப்பை விட்டு, குழந்தைக்கு வாய்மொழியாகச் சொல்வதுபோல் எழுதியதனால் திறனாய்வாளர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவர் பெயர் ஐரோப்பா எங்கும் பரவியது. அந்தப் புகழின் நடுவில், 1846ஆம் ஆண்டுக் கோடையில், நேப்பிள்ஸ் நகரின் கடும் வெயிலில் அவர் எழுதத் தொடங்கிய கதை ‘நிழல்’. மறு ஆண்டு அது வெளியாயிற்று.

ஓர் அறிஞரை விட்டு அகன்ற நிழல், செல்வம் பெற்று மனித உருவில் திரும்பி வருகிறது. இருவரும் பயணம் செய்கையில், ஒருவரையொருவர் ‘நீ’ என்று அழைத்துக்கொள்ளலாமே என்கிறார் அறிஞர். சாம்பல் நிறத் தாளைத் தொட்டால் சிலருக்கு ஒவ்வாததுபோல, அறிஞர் வாயிலிருந்து அச்சொல்லைக் கேட்பது தனக்கு ஒவ்வாது என்கிறது நிழல். ஆனால் தான் அவரை ‘நீ’ என்று அழைக்கத் தடையில்லையாம். கேட்டதில் பாதியேனும் நிறைவேறுமாம்! நிழல் தலைவனாகிறது, அறிஞர் பணியாளாகிறார். முடிவில் அவர் உயிரும் பறிக்கப்படுகிறது. பதினைந்து ஆண்டுகள் ஆறாதிருந்த புண் இவ்வாறு கதையாயிற்று.

ஜெர்மன் மொழியில் இக்கதைக்கு இடரில்லை. அங்கும் இவ்விரு சொற்கள் உண்டு. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் சிலர் வழக்கொழிந்த பழஞ்சொல்லை நாடினர். சிலர் முதற்பெயர் சொல்லி அழைக்கலாம் என்று மாற்றினர். பின்னதில் கதையின் முள் முறிந்துவிடுகிறது. ஏனெனில் அறிஞர் கேட்கையில் அன்பாயிருந்த அதே ‘நீ’, நிழல் வாயில் ஏவலாக மாறுகிறது. சொல் ஒன்றே, அதைச் சொல்வோரின் நிலையே வேறு.

தமிழுக்கு இந்த வறுமை இல்லை. நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிப்படியாக அளந்து பேசும் மொழி இது. இறைவனை ‘நீ’ என்று உரிமையோடு அழைத்த அடியார்களும், வேலையாளை ‘நீ’ என்று ஏவிய வீடுகளும் ஒருசேர வாழ்ந்த நிலம் இது. ஆனால் ஆங்கிலத்தின் வழியே ஆண்டர்சனைத் தமிழாக்குவோர், அங்கே முதற்பெயர் என்றிருப்பதைக் கண்டு, பெயர் சொல்லி அழைப்பதாகவே எழுத நேரும். கையிலிருக்கும் சொல்லை, இடையில் நிற்கும் மொழி மறைத்துவிடுகிறது. டென்மார்க்கிலும் 1970களுக்குப் பின் மரியாதைச் சொல் அருகி, ஏறத்தாழ எல்லாரும் ‘நீ’ ஆகிவிட்டனர். இன்றைய டேனிய இளைஞருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அந்த வலியைத் தமிழ் வாசகர் விளக்கமின்றியே உணர்வர்.

ஆண்டர்சன் 1875ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் மறைந்தார். தம் உடைமைக்கு எட்வர்டையே முதன்மை உரிமையாளராக்கியிருந்தார். எட்வர்டும் அவர் மனைவி ஹென்ரியெட்டாவும் பின்னாளில் கோபன்ஹேகன் அசிஸ்டென்ஸ் இடுகாட்டில் ஆண்டர்சனின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். பிறகு அவர்கள் குடும்பக் கல்லறைக்கு மாற்றப்பட்டனர். வாழ்நாள் முழுவதும் இருவரும் ‘நீங்கள்’ என்றே பேசிக்கொண்டனர். ‘நிழல்’ கதையைத் தமிழில் தர முற்படுவோர், அந்த ஓரிடத்திலேனும் ‘நீ’ என்ற சொல்லை அதன் இடத்தில் வைத்தல் வேண்டும். அவர் கேட்டதும் அதுவே.