டயாலிசிஸ் யாருக்கு? 7 பேர் கமிட்டி முடிவு செய்த காலமும், டாக்டர் ஸ்கிரிப்னரும்

ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ அதிகாலை பஸ் பிடித்து, டயாலிசிஸுக்காக சேலம் வருபவர்களுக்கு அது வாராவாரம் நடக்கும் விஷயம். வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். கஷ்டம்தான். ஆனா கிட்னி முழுசா செயலிழந்த ஒருவர் இப்படி வருஷக்கணக்கில் வாழ முடியும் என்பதை 1960 வரை மருத்துவ உலகமே நம்பவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்க கிட்னி மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர்.

மெஷின் இருந்தது, வழி இல்லை

1921-ல் சிகாகோவில் பிறந்த ஸ்கிரிப்னர், ஸ்டான்ஃபோர்டில் மருத்துவம் படித்தார். 1951-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

செயற்கை கிட்னி மெஷினை நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-லேயே உருவாக்கிவிட்டார். அப்புறம் என்ன பிரச்சினை? ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுத்து ட்யூப் செருக வேண்டும். அறுத்த இடத்தை மறுபடி பயன்படுத்த முடியாது. சில முறை செய்தாலே கை, காலில் இடம் தீர்ந்துவிடும். அதனால், கிட்னி தற்காலிகமாக நின்றுபோனவர்களுக்கு மட்டும்தான் டயாலிசிஸ்.

1960 தொடக்கத்தில் ஸ்கிரிப்னரிடம் வந்த ஒரு நோயாளி, டயாலிசிஸில் நன்றாகத் தேறினார். ஆனால் அவருடைய கிட்னி திரும்ப வேலை செய்யாது என்பது பிறகுதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார்.

இது ஸ்கிரிப்னரை விடாமல் துரத்தியது. ஒரு நாள் அதிகாலை 4 மணிக்கு எழுந்தவருக்கு ஒரு யோசனை வந்தது.

நான்-ஸ்டிக் கல்லில் இருக்கும் அதே பொருள்

யோசனை சிம்பிள். முன்கைத் தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய். இரண்டையும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் ஒரு வளைந்த ட்யூபால் இரண்டையும் வெளியே இணைத்துவிட்டால், ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், உறையாது.

அதற்கு ரத்தம் ஒட்டாத பொருள் வேண்டும். கிடைத்தது டெஃப்லான். இன்று நம் வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசப்படும் அதே பொருள். பொறியாளர் வேயின் குவின்டன் அதை வளைத்து ட்யூப் செய்து கொடுத்தார். 1960 மார்ச் 9-ம் தேதி, போயிங் நிறுவனத் தொழிலாளி கிளைட் ஷீல்ட்ஸின் கையில் அது பொருத்தப்பட்டது. சில வாரங்களில் இறந்திருக்க வேண்டியவர், 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

7 பேர் கையில் உயிர்

அடுத்த பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. 1962-ல் சியாட்டிலில் உலகின் முதல் வெளிநோயாளி டயாலிசிஸ் மையம் திறக்கப்பட்டது. படுக்கைகள் மிகக் குறைவு, தேவைப்படுவோர் ரொம்ப அதிகம்.

யாருக்கு இடம் கொடுப்பது? மருத்துவர்கள் மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்று 7 பேர் கொண்ட கமிட்டி அமைக்கப்பட்டது. அதில் வக்கீல், பாதிரியார், வங்கியாளர், குடும்பத் தலைவி எல்லாம் இருந்தார்கள். வயது, வருமானம், படிப்பு, எத்தனை குழந்தைகள், சர்ச்சுக்குப் போகிறாரா என்பதுவரை பேசப்பட்டது. தேர்வாகாதவருக்கு மரணம்தான். 1962 நவம்பரில் லைஃப் இதழ் இதை வெளியே கொண்டுவர, பெரிய விவாதம் வெடித்தது. மருத்துவ அறம் என்ற துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

இடம் குறைவாக இருக்கும் வரை யாரோ ஒருவர் தேர்வு செய்தே ஆக வேண்டும். அப்படியானால் இடத்தைக் கூட்டுவதுதான் தீர்வு. ஸ்கிரிப்னரின் அடுத்த உழைப்பெல்லாம் அந்தத் திசையில்தான்.

1964-ல் வயது குறைவு என்ற காரணத்தால் பள்ளி மாணவி ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டது. பொறியாளர் ஆல்பர்ட் பாப் குழுவுடன் சேர்ந்து, சில மாதங்களில் வீட்டிலேயே பயன்படுத்தும் டயாலிசிஸ் மெஷின் தயாரானது. மாணவியின் அம்மாவே அதை இயக்கக் கற்றுக்கொண்டார். 1972-ல் அமெரிக்க அரசு, வயது பார்க்காமல் கிட்டத்தட்ட எல்லா கிட்னி நோயாளிகளின் டயாலிசிஸ் செலவையும் ஏற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கமிட்டிக்கு வேலை இல்லாமல் போனது.

இன்று நம் ஊரில்

ஸ்கிரிப்னரின் ட்யூப் இப்போது புழக்கத்தில் இல்லை. 1966-ல் வந்த ஃபிஸ்டுலா முறை அந்த இடத்தைப் பிடித்தது. தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியிலேயே இணைப்பார்கள். டயாலிசிஸ் செய்பவரின் கையைத் தொட்டால் கிர்ரென ஒரு அதிர்வு தெரியுமே, அதுதான். ஆனால் ஒரே வழியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற அடிப்படை ஸ்கிரிப்னருடையது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்வதற்கான பைகள் வீட்டுக்கே வருகின்றன. 1964-ல் சியாட்டிலில் தொடங்கிய அதே சிந்தனை.

ஆனாலும் தேர்வு முழுசா நின்றுவிடவில்லை. பஸ் செலவும் இழந்த நாள் கூலியும் இன்னும் ஒரு கமிட்டி மாதிரிதான். பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கப்பட்டதாக 2025-ல் எழுந்த புகார், அதன் இன்னொரு முகம்.

ஸ்கிரிப்னருக்கு 2002-ல் கோல்ஃபுடன் சேர்த்து லாஸ்கர் விருது கிடைத்தது. படகு வீட்டில் வசித்து, துடுப்புப் படகில் மருத்துவமனைக்குப் போய் வந்த அவர், 2003 ஜூன் 19-ம் தேதி 82 வயதில் காலமானார். அவர் கண்டுபிடித்த ட்யூபின் காலம் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் இடம் வேண்டும் என்ற வேலை மட்டும் இன்னும் பாக்கி.