சிறுநீர்ச் சட்டி கழுவியவர் கண்ட சோதனை

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடங்களில் இப்போது இயந்திரங்களின் காலம். ரத்தத்தையோ சிறுநீரையோ குழாயில் ஊற்றி வைத்தால் போதும். இயந்திரமே உறிஞ்சி, மருந்து கலந்து, கணக்கிட்டு, சீட்டும் அடித்துக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சீட்டுகள் சிலவற்றில் பாஸ்பரஸ் என்று ஒரு வரி இருக்கும். எலும்பு நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது முக்கியமான வரி. அதன் பின்னால் சென்னையில் படித்த ஒரு தெலுங்கர் நிற்கிறார். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ந் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமைப்பட்ட குடும்பம். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (மெட்ரிக்கோடு நின்றுவிட்ட என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு தரும் செய்தி இது.) பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்திஜியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

பாஸ்டனில் இரவு வேலை

மாமனார் கொடுத்த பண உதவியுடன் 1922 அக்டோபரில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் இடம் கிடைத்தது, வயிற்றுக்கு வழியில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குச் சேர்ந்து, நோயாளிகளின் மலஜலச் சட்டிகளைக் கழுவினார். ஊரில் விட்டு வந்த மனைவியைப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. பிறந்த மகனும் தகப்பன் முகம் பாராமலே குழந்தைப் பருவத்தில் இறந்து போனான்.

பிறகு ஹார்வர்டிலேயே சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். இரவில் எதைக் கொட்டிக் கழுவினாரோ, அதிலும் ரத்தத்திலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளப்பதே அங்கே வேலை. முன்பிருந்த முறையில் நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். இவர்கள் வழி எளியது. சிறுநீருடன் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, இன்னொரு கரைசலை விட்டால் நீலம் பிறக்கும். பாஸ்பரஸ் கூடக் கூட நீலமும் அழுத்தமாகும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு அதை ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டியதுதான். 1925-ல் வெளியான இந்த முறைக்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர்.

இனிதான் முக்கியமான விஷயம். அதே முறையில் தசையைச் சோதித்தபோது, நீலம் உடனே முழுதாக வரவில்லை. நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. சோதனை கெட்டுவிட்டது என்று வேறொருவர் கொட்டியிருப்பார். இவர்கள் ஏன் என்று பார்த்தார்கள். தசையில் உள்ள ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பரஸை விடுகிறது என்று தெரிந்தது. அதுதான் தசைக்கு அவசர சக்தி தரும் பாஸ்போகிரியாட்டின். 1927-ல் உலகுக்குச் சொன்னார்கள். 1929-ல் உடலின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

இயந்திரம் வந்தது

1957-ல் ஆட்டோ அனலைசர் என்ற இயந்திரம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மெல்லிய குழாயில், காற்றுக் குமிழிகள் இடையிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகள் ஓடும். சுப்பாராவின் நீலமும் அதில் ஏறியது. இன்றைய இயந்திரங்கள் பல, நீலம் வருமுன்பே புற ஊதா ஒளியில் படித்துவிடுகின்றன. வேகத்தில் கைவேலை இதற்கு ஈடாகாது. கண் அசதியால் வரும் பிழையும் இல்லை. ஆனால் குறித்த நிமிடத்தில் படித்து எண்ணைக் கொடுத்துவிட்டு, அது அடுத்த குழாய்க்குப் போய்விடும். மெல்ல ஏறும் நீலத்துக்காகக் காத்திராது.

இன்னொன்று. 24 மணி நேரச் சிறுநீரில் பாஸ்பேட் உப்பாகப் படிந்து அடியில் தங்கிவிடுவதுண்டு. அமிலம் சேர்த்து, நன்றாகக் கலக்கி வைக்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் குறைத்தே சொல்லும். கலக்கி வைப்பது இன்றும் ஆள் கைதான். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதில் கணக்குப் பார்ப்பவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற குடல் நோய். அதற்குக் குணம் தரும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து, 1945-ல் அவருடைய குழுவே அறிவித்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் டை-எதில்-கார்பமசின் மாத்திரையும் அங்கிருந்து வந்ததே.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க் மாநிலத்தில் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.