கடல்காத்து முதல் எல் நினோ வரை... மழையைக் கணக்கில் தேடிய கில்பர்ட் வாக்கர்!

மே மாசத்துல ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு பீச் ஸ்டேஷன்ல ரயில் ஏறி, அண்ணனூர்ல இறங்கிப் பாருங்க. ஏறும்போது சட்டையைப் படபடக்க வெச்ச கடல்காத்து இறங்கும்போது இருக்காது. பிளாட்பாரத்துல வெயில் அப்படியே நிக்கும். நாம ரயில்ல வந்துட்டோம். காத்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர்னு ஒவ்வொரு ஊரா இப்பதான் வந்துட்டிருக்கு. சாயந்திரமாத்தான் நம்ம பக்கம் எட்டிப் பார்க்கும். சில நாள் வராமலேயே ஏமாத்திடும்.

விஷயம் ரொம்ப சிம்பிள்தான். வெயில்ல தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். சூடான தரைக்கு மேல் இருக்கும் காற்று லேசாகி மேலே எழும்பும்போது, அங்கே காற்றழுத்தம் கொஞ்சம் குறைகிறது. கடலுக்கு மேல் இருக்கும் குளிர்ந்த, கனமான காற்று அந்த இடத்துக்கு ஓடி வருகிறது. ராத்திரியில தரை சீக்கிரம் ஆறிடும், காத்தும் திசை மாறிடும். கோடையில் மேற்கே இருந்து வரும் சூடான காற்றும் இந்தக் கடல்காற்றும் ஆவடி, திருவள்ளூர் பக்கம் முட்டிக்கொள்கிற நாள்களில், திடீர்னு கருத்துக்கிட்டு இடிமழை கொட்டும். டிவியில் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று சொல்வார்களே, அதுதான்.

ஒரு ஊர் அளவில் சூடும் அழுத்தமும் ஆடுகிற இதே ஆட்டம், ஒரு மகா சமுத்திரத்தின் அளவுக்கு நடந்தால்? நடக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் சர் கில்பர்ட் வாக்கர். இத்தனைக்கும் அவர் வானிலை படித்தவரே இல்லை.

1868 ஜூன் 14-ம் தேதி இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில் பிறந்தவர் வாக்கர். கணக்கில் புலி. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1889-ல் கணிதத் தேர்வில் 'சீனியர் ரேங்க்லர்', அதாவது முதலிடம். பிறகு அதே கல்லூரியில் ஃபெல்லோ, ஆசிரியர். மின்காந்தவியல், சுழலும் பொருள்கள் என்று ஆராய்ச்சி. பொழுதுபோக்கு பூமராங் எறிவது. எறிந்தது ஏன் திரும்பி வருகிறது என்பதற்குக் கணக்குப் போட்டு எழுதியவர் என்பதால், நண்பர்கள் அவருக்கு வைத்த பெயரே 'பூமராங் வாக்கர்'. புல்லாங்குழலிலும் பைத்தியம், பறவைகள் சிறகடிக்காமல் மிதப்பதையும் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரை இந்தியாவின் மழையைக் கணிக்கக் கூட்டி வந்தால் எப்படி இருக்கும்?

கூட்டி வந்ததற்குக் காரணம் பஞ்சம்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன், பூட்டன் சொல்லக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சம். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியே அப்போது கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்கள் நிவாரண வேலையாக வெட்டியதுதான். மழை பொய்த்தது ஒரு பக்கம், தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே இருந்த அரசு இன்னொரு பக்கம். அரசைத் திருத்துவதைவிட மழையைக் கணிப்பது சுலபம் என்று நினைத்தார்களோ என்னவோ! 1875-ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்குப் பருவமழையை முன்கூட்டியே சொல்வதுதான் பெரிய வேலையாக ஆனது. ஆனால் 1899-ல் மழை மறுபடி மோசமாகப் பொய்த்தது, மறுபடி பஞ்சம். அப்போது துறையின் தலைவராக இருந்தவர் ஜான் எலியட். தனக்குப் பிறகு நல்ல கணக்காளர் ஒருவர்தான் வேண்டும் என்று அவர் முடிவு செய்ய, 1904-ல் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் வாக்கர். அப்போது அவருக்கு வயது 35.

காற்று ஏன் அசைகிறது என்பதைச் சமன்பாடுகளால் எழுதி மழையைக் கணிக்கும் அளவுக்கு அன்றைக்கு அறிவியல் வளரவில்லை. அது வாக்கருக்குப் புரிந்தது. அதனால் காரணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எண்களை மட்டும் கேட்கலாம் என்று முடிவெடுத்தார். உலகத்தில் எங்கே எது ஏறும்போது இந்தியாவில் மழை ஏறுகிறது, எது இறங்கும்போது இறங்குகிறது? காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, நைல் நதி வெள்ளத்தின் அளவு என்று தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா எல்லா இடத்திலிருந்தும் பல வருஷத்துப் பதிவுகளை வாங்கினார். ஒவ்வொரு ஜோடிக்கும் 'ஒட்டுறவுக் கெழு' போட வேண்டும். இன்றைக்கு எக்ஸெல்லில் ஒரு நொடி வேலை. அன்றைக்கு? சிம்லா அலுவலகத்தில் இந்திய குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கையால் பெருக்கி, கூட்டி, வகுத்தார்கள். 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு அப்போது கணக்குப் போடுகிற ஆள் என்றுதான் அர்த்தம். வாக்கரின் பெயரில் இருக்கும் புகழில் பாதி அந்த ஆள்களுக்குச் சேர வேண்டியது. அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு ஜோடிகளை ஒப்பிட்டால், ஒன்றிரண்டு சும்மாவே பொருந்தித் தொலைக்கும். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அந்த ஆபத்தை முதலில் எச்சரித்தவர்களில் வாக்கரும் ஒருவர். எது தற்செயல், எது நிஜம் என்று பிரிக்க ஒரு சோதனையையே உருவாக்கினார். (இன்ஜினீயரிங் படித்தவர்கள் 'யூல்-வாக்கர் சமன்பாடு' என்று ஒன்றைப் படித்துக் கஷ்டப்பட்டிருப்பீங்க. அந்த வாக்கரும் இவர்தான்!)

இதற்கிடையில் மெட்ராஸில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் தொடங்கிய வானாய்வுக் கூடமும் வாக்கரின் துறையின் கீழ்தான் இருந்தது. 1913 பிப்ரவரியில் அவர் மெட்ராஸ் வந்திருந்தபோது, துறைமுகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலக குமாஸ்தா ஒருவரின் கணக்கு நோட்டுகளைப் பார்க்கச் சொன்னார். மாசம் 30 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அந்த குமாஸ்தா, ராமானுஜன். அந்தத் துறைக் கணக்கு தனக்கு முழுதாகத் தெரியாது என்பதை வாக்கர் மறைக்கவில்லை. ஆனாலும், இந்த இளைஞரின் சிந்தனை கேம்பிரிட்ஜ் ஃபெல்லோ ஒருவருடையதற்கு இணையானது என்ற பொருளில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். குமாஸ்தா வேலையிலிருந்து விடுதலை. மாசம் 75 ரூபாய் உதவித்தொகை! அடுத்த வருஷம் ராமானுஜன் கப்பல் ஏறினார். ஹார்டியின் பங்கு எல்லாருக்கும் தெரியும். மழைக்காரரின் பங்கு அவ்வளவாகத் தெரியாது.

சரி, கணக்குக்கு வருவோம். எண்களின் குவியலில் ஒரு விசித்திரம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. பசிபிக் சமுத்திரத்தின் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்தால், இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. இந்தப் பக்கம் உயர்ந்தால் அந்தப் பக்கம் குறைகிறது. பூங்காவில் குழந்தைகள் ஏறி ஆடும் சீசா பலகை மாதிரி. ஒரு முனை தென் அமெரிக்கா அருகில், மறு முனை ஆஸ்திரேலியாவின் டார்வின், இந்தோனேசியா பக்கம். ஏற்ற இறக்கம் என்னவோ சில மில்லிபார்தான். கடல்மட்டத்தில் சராசரி அழுத்தமே 1,013 மில்லிபார் என்னும்போது, இது ஒரு பொருட்டா? ஆனால் அந்தச் சில மில்லிபார் மாறினால் பாதி உலகத்தின் மழை இடம் மாறுகிறது. 1924-ல் இதற்கு 'சதர்ன் ஆஸிலேஷன்', அதாவது தெற்கு ஊசலாட்டம் என்று பெயர் வைத்தார். அதே வருஷம் சர் பட்டம்; அதே வருஷம் இந்தியாவிலிருந்து ஓய்வு. அடுத்த பத்து வருஷம் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர்.

கேட்ட கேள்விக்கு பதில் கிடைத்ததா என்றால், இல்லை. பருவமழையைத் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல வாக்கரின் சூத்திரங்களால் முடியவில்லை. அவர் பதவியில் இருந்தபோதே, 1918-ல் பருவமழை மோசமாகப் பொய்த்தது. சில வருஷம் பொருந்திய உறவுகள் அடுத்த சில வருஷங்களில் கைவிட்டன. காரணம் சொல்ல முடியாத கணக்கை எப்படி நம்புவது என்று வானிலையாளர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். 1958 நவம்பர் 4-ம் தேதி, 90 வயதில் அவர் இறந்தபோது, ஊசலாட்டத்தை ஏறக்குறைய மறந்தே விட்டார்கள்.

அவரிடம் இல்லாத ஒரு எண், கடல்நீரின் வெப்பநிலை. நடுக் கடலில் யார் போய்த் தெர்மாமீட்டர் வைப்பது? வேடிக்கை என்னவென்றால், அவர் இறந்த சமயத்தில்தான் அது கிடைக்க ஆரம்பித்தது. 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு. அதே நேரம் பசிபிக்கில் வலுவான எல் நினோ. பெரு நாட்டு மீனவர்கள், கிறிஸ்துமஸை ஒட்டி வரும் வெந்நீர் ஓட்டத்துக்குக் குழந்தை இயேசுவின் நினைவாக வைத்த பெயர் அது. அந்தப் பதிவுகளை வைத்து, யாக்கப் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி முடிச்சை அவிழ்த்தார். சாதாரண வருஷத்தில் பசிபிக்கின் மேற்கு ஓரம் சூடு, கிழக்கு ஓரம் குளிர். சூடான பக்கம் காற்று மேலே எழும்பும், அழுத்தம் குறையும். குளிர்ந்த பக்கம் காற்று கீழே இறங்கும், அழுத்தம் கூடும். கீழே காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். கிழக்குப் பக்கக் கடலும் சூடாகிவிட்டால் சீசா கவிழும், அதுதான் எல் நினோ. நம்ம அண்ணனூர் கடல்காத்துதான், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு நீட்டி வெச்ச மாதிரி! 1969-ல் பியர்க்னெஸ் அந்தச் சுழற்சிக்கு வைத்த பெயர், 'வாக்கர் சுழற்சி'.

நம்ம ஊர்க் கதை கொஞ்சம் தலைகீழ். எல் நினோ வந்தால் வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் சோறு போடுவது. அது எல் நினோ வருஷத்தில் கூடும் வாய்ப்பு அதிகம். 1997-ல் கொட்டியது. 2015-ல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவிகிதம் குறைவு. இங்கேயோ டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.! அடுத்த வருஷம் எல் நினோ அடங்கிவிட, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைவு. எல்லா எல் நினோ வருஷமும் இப்படியே நடக்கும் என்று சொல்லவும் முடியாது. வங்கக்கடலில் எந்த நாளில் தாழ்வுநிலை உருவாகும், அது எந்தத் தெருவைக் குளமாக்கும் என்பதெல்லாம் தனிக் கணக்கு.

டார்வினிலும், பசிபிக் நடுவே இருக்கும் தஹிட்டி தீவிலும் காற்றழுத்தத்தை அளந்து, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இன்றைக்கும் மாசாமாசம் வெளியிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வானிலை மையம் தரும் அறிக்கையில் எல் நினோ பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கும். அம்பத்தூர், ஆவடி பக்கம் தரைத்தளத்தில் வீடு இருக்கிறவங்க, அந்த ஒரு வரியை மட்டுமாவது படிச்சுட்டு பைக்கை எங்கே நிறுத்துறதுனு முடிவு பண்ணலாம்.