இயந்திரத்திடம் பாடம் கேட்டவர்

நுழையும்முன்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில் உள்ள காரியாபட்டி போன்ற ஊர்களில் இருசக்கர வாகனப் பட்டறைகளைக் காணலாம். பழைய மோட்டார் சைக்கிளின் ஓசையைக் கேட்ட அளவிலேயே அதன் குறையைக் கண்டறியும் கைவினைஞர்கள் அங்கு உள்ளனர். ஏட்டுக் கல்வியால் மட்டும் அமையாத அறிவு அது. அத்தகைய அறிவையே முதலாகக் கொண்டு தொழில்துறையில் உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கலங்கல் சிற்றூரில்

கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு அருகில் உள்ளது கலங்கல் என்னும் சிற்றூர். அங்கு வேளாண் குடும்பம் ஒன்றில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபால்சாமி நாயுடு. இளமையிலேயே தாயை இழந்த துரைசாமிக்குப் பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. தொடக்கக் கல்வியைக்கூட நிறைவு செய்யாமல் பள்ளியை விட்டு விலகினார். வயல் வேலையில் அவரது இளமை கழிந்தது. பின்னாளில் ஜி.டி. நாயுடு என நாடு அறிந்த பெருமகன் இவரே.

ரட்ஜ் வண்டி

லங்காஷயர் என்னும் ஆங்கில வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் அப்பகுதிக்கு வந்தார். குதிரையும் மாடும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி, இளைஞர் துரைசாமியின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அதில் ஏறிச் செல்ல வேண்டும் என்பதைவிட, அது எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய வேண்டும் என்னும் வேட்கையே அவரிடம் மேலோங்கி நின்றது. ஊரை விட்டுக் கோயம்புத்தூர் சென்று உணவு விடுதி ஒன்றில் பணியாளராகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை அவர் ஊர்வலம் வரப் பயன்படுத்தவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆராய்ந்தார். மீண்டும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். அவருக்கு வாய்த்த பாடநூலும் பள்ளியும் அந்த எஞ்சினே.

மயிரிழை இடைவெளி

எஞ்சினைப் பிரிப்பது எளிது. மீண்டும் பூட்டி ஓடச் செய்வதே அரிது. அந்த அருமையை உணர்த்த வால்வு ஒன்றே போதும். எரிபொருள் கலந்த காற்றை உள்ளே விடவும், எரிந்த புகையை வெளியேற்றவும் எஞ்சினில் வால்வுகள் உள்ளன. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுமானால், நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் 1,500 முறை திறந்து மூட வேண்டும். அதாவது ஒரு நொடிக்கு 25 முறை.

வால்வின் தண்டிற்கும் அதனைத் தள்ளும் உறுப்பிற்கும் இடையே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு சிறு இடைவெளி விடப்படுகிறது. வெப்பத்தால் உலோகம் விரிவடைவதே இதற்குக் காரணம். இடைவெளி போதாதெனில், சூடேறி நீண்ட தண்டு வால்வை முழுமையாக மூட விடாது. அனல்வாயு கசிந்து வால்வின் விளிம்பு கருகிப்போகும். இடைவெளி மிகுந்தாலோ வால்வு தாமதமாகத் திறக்கும்; தட்டும் ஓசை எழும்; ஆற்றல் குறையும். மிகினும் குறையினும் தீங்கு தரும் இந்த இடைவெளி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு அளவினதே.

எஞ்சினைப் பூட்டுவோர் எவராயினும் இந்த நுண்ணளவைச் சரியாக அமைத்தே ஆக வேண்டும். அளவு தவறினால் இயந்திரம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனிடம் சாக்குச் சொல்ல இயலாது, மன்றாடவும் இயலாது. தவற்றை மறைக்காமல் சுட்டும் இத்தகைய ஆசிரியரிடம்தான் துரைசாமி பாடம் கேட்டார்.

தெரிந்து தெளிவோம்

வால்வு இடைவெளியைச் சில எஞ்சின்களில் திருகைத் திருப்பிச் சரிசெய்வர். வேறு சில எஞ்சின்களில் ஷிம் எனப்படும் மெல்லிய உலோக வில்லையை மாற்றிச் சரிசெய்வர். வால்வு மூடியுள்ள நிலையில், தடிமன் குறிக்கப்பட்ட மெல்லிய தகடுகளைக் கொண்ட ஃபீலர் கேஜைச் செருகி இடைவெளியை அளப்பர். இருக்க வேண்டிய இடைவெளி 0.15 மி.மீ.; அளந்து கண்டது 0.25 மி.மீ.; உள்ளே இருக்கும் ஷிம் 2.50 மி.மீ. எனக் கொள்வோம். மிகுதியாக உள்ள 0.10 மி.மீ. அளவைப் பழைய ஷிம்மின் தடிமனோடு கூட்டினால் 2.60 மி.மீ. அதுவே புதிதாக இட வேண்டிய ஷிம்மின் தடிமன்.

பேருந்து முதல் மின்மோட்டார் வரை

பருத்தித் தொழிலில் ஈட்டிய பொருளை அவர் பம்பாய் வணிகத்தில் இழக்க நேர்ந்தது. எனினும் கைத்திறன் அவரைக் கைவிடவில்லை. கோயம்புத்தூர்த் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியுடன் பேருந்து ஒன்றை வாங்கி, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்தே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. காலந்தவறாமை அதன் அடையாளமாக விளங்கியது.

1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, இந்தியாவிலேயே உருவான மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். கொங்கு மண்டலத்துக் கிணறுகளில் நீர் இறைக்க மின்மோட்டார் துணைநின்றதையும், பின்னர் கோயம்புத்தூர் அத்தொழிலின் தலைநகரமாக உயர்ந்ததையும் எண்ணினால் இம்முயற்சியின் பயன் விளங்கும். உலர் மின்கலத்தால் இயங்கும் ரேசண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி, வாக்குப்பதிவுக் கருவி என அவரது ஆக்கங்கள் பலவாயின. பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆய்வுகள் செய்தார்.

கைகூடாத கனவு

இருவர் அமர்ந்து செல்லும் பெட்ரோல் மகிழுந்து ஒன்றை 1952இல் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. எளியோரும் மகிழுந்து வாங்கலாம் என்னும் நம்பிக்கையை அது அளித்தது. ஆனால், அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை, முயற்சி நின்றுபோனது. எஞ்சினின் நுட்பத்தைத் தாமே கற்றுத் தேர்ந்த அவரால் இத்தடையைக் கடக்க இயலவில்லை. கண்டுபிடிப்பவரின் அறிவு மட்டும் போதாது. அதனை ஏற்று வளர்க்கும் சூழலும் அமைய வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

பட்டறையும் பள்ளியும்

பள்ளியை விட்டு விலகிய அவர், கல்வியை வெறுக்கவில்லை. கை படாத கல்வியையே ஏற்க மறுத்தார். அவரது முயற்சியால் 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அவரே அதன் முதல்வராகவும் பணியாற்றினார். நான்கு ஆண்டுகள் நீளும் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்கும். செயல்முறையோடு கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும். சிற்றூர் இளைஞருக்குச் சில வாரங்களிலும் மாதங்களிலும் முடியும் தொழிற்பயிற்சிகள் வேண்டும் என்பன அவர்தம் கருத்துகள். அரசு இவற்றை ஏற்காததால் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். அக்கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அது தொடங்கிய பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்கப்படுகிறது.

படிப்பின் கால அளவு குறித்த அவரது கருத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் முடிவு. எனினும், எஞ்சினைத் தொட்டறியாமல் எஞ்சினைக் கற்க இயலாது என்னும் உண்மையை மறுப்பார் இல்லை. தம் வாழ்வாலேயே அவ்வுண்மையை மெய்ப்பித்த ஜி.டி. நாயுடு, 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பட்டறையில் கரி படிந்த கைகளோடு நிற்பவரும் கல்வியாளரே. கையறிவையும் நூலறிவையும் ஒருசேரப் பெறும் தலைமுறையே நாயுடுவின் நிறைவேறாத கனவுகளை நிறைவேற்றும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள வாகனப் பட்டறைக்குச் சென்று, வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் முறையைக் கண்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. தொழிற்கல்வி பயிலும் காலம் குறைவாக இருத்தல் நன்றா, மிகுதியாக இருத்தல் நன்றா என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.